ஓவன் சூடு தப்பும்போது: கோளாறு சென்சாரிலா, ஒயரிலா, போர்டிலா?

கேக்கின் நடுப்பகுதி பச்சை மாவாகவே நின்றால் முதல் தடவை நம் கைப்பக்குவத்தைத்தான் சந்தேகிப்போம். அடுத்த தடவை மாவின் பதத்தை. ஓவன் மீது சந்தேகம் விழுவதற்குள் நாலைந்து கேக்குகள் குப்பைக்குப் போயிருக்கும். திரையில் 180 என்று பளிச்சென்று எரிகிற எண்ணை நம்பாமல் இருப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

பல ஓவன்களில் அந்த எண் நாம் கேட்ட சூட்டைத்தான் காட்டுகிறது. உள்ளே இருக்கிற சூட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உள்ளே எவ்வளவு சூடு என்று, ஓவனை இயக்கும் எலக்ட்ரானிக் பலகையான போர்டுக்குச் சொல்வது வேறொன்று. ஓவன் கதவைத் திறந்து பின்சுவரின் மேல்பகுதியைப் பாருங்கள். பென்சிலைவிட ஒல்லியாக ஓர் உலோகக் குச்சி விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வெப்ப உணரி. பழுதுபார்ப்பவர்கள் சென்சார் என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

எங்கள் வீட்டு ஓவன் 30 டிகிரி குறைவாகச் சூடாகத் தொடங்கியபோது நான் செய்த முதல் காரியம் புது சென்சார் வாங்கியது. மாட்டினேன். ஓவன் கொஞ்சமும் மாறவில்லை. பழைய சென்சாரில் ஒரு குறையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, ஒயர்களை இணைக்கும் கனெக்டருக்குள் பழுப்பேறிக் கிடந்த ஒரு பின்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பொருளை வாங்குவதற்கு முன் பத்து நிமிடம், மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிட வேலையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று

எலக்ட்ரானிக் போர்டு உள்ள பெரும்பாலான ஓவன்களில் சென்சாருக்குள் இருப்பது மெல்லிய பிளாட்டினத் தடம். பிளாட்டினம் சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். எந்தச் சூட்டுக்கு எவ்வளவு தடை என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்ட கணக்கு. தடையை ஓம் என்ற அலகில் சொல்வார்கள். மிகப் பரவலான வகை 0 டிகிரி செல்சியஸில் சரியாக 1000 ஓம் காட்டும். அதனால் அதற்குப் பிடி 1000 (PT1000) என்று பெயர். அதே சூட்டில் 500 ஓம் காட்டும் பிடி 500 வகையும் உண்டு. போர்டு இந்தத் தடையை அளந்து, அதைச் சூடாக மொழிபெயர்த்து, ஹீட்டரை அணைப்பதா எரிப்பதா என்று முடிவெடுக்கிறது. அது அளப்பது சென்சாரை மட்டுமல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. சென்சார், இரண்டு ஒயர்கள், நடுவில் உள்ள கனெக்டர், போர்டில் செருகும் முனை ஆகிய எல்லாவற்றின் தடையும் சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் போர்டுக்கு வந்து சேருகிறது.

இதிலிருந்து ஒரு நல்ல தடயம் கிடைக்கிறது. வழியில் எங்காவது துருவோ தளர்வோ இருந்தால் தடை கூடும். போர்டு, "உள்ளே நல்ல சூடு" என்று நினைத்து ஹீட்டரைச் சீக்கிரம் அணைத்துவிடும். ஓவன் குளிர்ந்தே கிடக்கும், உணவு வேகாது. மாறாக, ஒயரின் உறை உருகி இரண்டு கம்பிகளுக்கிடையே மின்கசிவு ஏற்பட்டால் தடை குறையும். போர்டு, "இன்னும் சூடு போதவில்லை" என்று ஹீட்டரை எரித்துக்கொண்டே இருக்கும். உணவு கருகும். ஆக, வேகாத உணவு என்றால் கூடுதல் தடையையும், கருகிய உணவு என்றால் குறைந்த தடையையும் தேடிப் போகலாம். கம்பி முழுதாக அறுந்துவிட்டாலோ ஒன்றோடொன்று முழுதாக ஒட்டிவிட்டாலோ போர்டே கண்டுகொண்டு பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும். நம்மை அலைக்கழிப்பவை பாதி கெட்ட நிலைகள்தான்.

சில சிறிய மேசை ஓவன்களில் தெர்மிஸ்டர் என்ற வேறு வகை சென்சார் இருக்கும். அதில் கணக்கு தலைகீழ்: சூடு ஏற ஏறத் தடை குறையும், அறைச் சூட்டிலேயே தடை பல்லாயிரம் ஓம், ஒரு லட்சம்கூட இருக்கலாம். மீட்டரில் அப்படி ஒரு பெரிய எண் வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் ஓவனின் சேவைக் கையேட்டில் எந்த வகை என்று இருக்கும்.

திருப்புளியை எடுப்பதற்கு முன்

ஓவனுக்குள் வைக்கும் தனித் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். நடுத் தட்டின் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல் வையுங்கள். விசிறி இல்லாத சாதாரண முறையில் 180 டிகிரி கொடுங்கள். "தயார்" என்று ஓவன் மணியடித்ததும் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். அந்த நேரத்தில் காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் இன்னும் ஆகியிருக்காது. மணிக்குப் பிறகு அரை மணி நேரம் விட்டுவிட்டு, கதவைத் திறக்காமல் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

முள் ஒரே இடத்தில் நிற்காது. ஹீட்டர் எரியும்போது ஏறும், அணைந்ததும் இறங்கும். 170க்கும் 190க்கும் இடையே அது ஊசலாடினால் பதற வேண்டாம்; வீட்டு ஓவன்களின் இயல்பு அது. மூன்று நான்கு சுற்றுகளில் உச்சத்தையும் அடியையும் குறித்து, நடுவெண்ணைக் கண்டுபிடியுங்கள். அதுதான் உங்கள் ஓவனின் உண்மையான சூடு. நடுவெண் ஐந்து டிகிரி தப்பினால் விட்டுவிடுங்கள். பத்து பதினைந்து தப்பினால் ஓவனின் அமைப்புப் பட்டியலிலேயே திருத்தம் செய்ய வழி இருக்கும். அதற்கு மேல் தப்பினாலோ, ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தப்பாகவும் இருந்தாலோதான் உள்ளே கை வைக்க வேண்டும்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் சர்க்கரை உதவும். வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளைச் சிறு கிண்ணம்போல மடித்து அரைக் கரண்டி சர்க்கரையைப் போட்டு, முன்பே நன்கு சூடான ஓவனில் 180 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். மணிமணியாக அப்படியே இருக்க வேண்டும். பிறகு வேறு கிண்ணத்தில் புதுச் சர்க்கரை, 190 டிகிரி, இன்னொரு 15 நிமிடம். இப்போது ஓரங்களாவது கண்ணாடிபோல் இளக வேண்டும். 180லேயே உருகிப் பழுப்பானால் ஓவன் அதிகமாகச் சூடாகிறது. 200 கொடுத்தும் மணி கலையவில்லை என்றால் குறைவாகச் சூடாகிறது. துல்லியமான அளவு கிடைக்காது, ஆனால் எந்தப் பக்கம் தப்புகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும். அந்தத் தடயத்துக்கு அவ்வளவே போதும்.

துப்பாக்கி வடிவில் வரும் அகச்சிவப்பு வெப்பமானியை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அது காற்றை அளக்காது; பளபளக்கும் உலோகத்தின் மீது காட்டினால் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

கோளாறே இல்லாமல் கோளாறுபோலத் தெரிபவை சில உண்டு. விசிறி முறையில் அதே உணவுக்கு ஏறத்தாழ 20 டிகிரி குறைத்துக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் ஓவனைப் பழிப்பவர்கள் ஏராளம். ஓவனின் அடித்தளத்தில் அலுமினியத் தாளை விரித்து வைத்தால் கீழ் ஹீட்டரின் சூடு மேலே வராது. ஒரு பெரிய தட்டை உள்ளே தள்ளும்போது சென்சார் குச்சியில் இடித்து, அதன் முனை சுவரைத் தொட்டபடி வளைந்திருக்கலாம். அப்போது அது காற்றின் சூட்டை விட்டுவிட்டுச் சுவரின் சூட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும். மெதுவாக நிமிர்த்திவிடுங்கள். கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானம் இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் சூடு வெளியேறுகிறது. சில ஓவன்களில் கீழ்விளிம்பில் மட்டும் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

மின்சாரம்: இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்

ஓவன் முழுதாக ஆறட்டும். பிளக் இருந்தால் பிடுங்கி, கண்ணில் படும்படி ஓவன் மேல் வையுங்கள். பிளக் இல்லாமல் நேரடியாகச் சுவர் இணைப்பில் இருந்தால் அதற்குரிய பிரேக்கரை அணையுங்கள். திரை இருண்டுவிட்டது என்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரு முனை மின்னிணைப்பில் ஒரு முனை மட்டும் அணைந்தாலும் திரை இருளும், மறு முனையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு அதே டெஸ்டரால் ஓவனின் இணைப்பு முனைகளைச் சோதியுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் "மின்சாரம் இல்லை" என்றுதான் சொல்லும்.

மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த கருவி என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள். கேஸ் ஓவனில் சென்சாரை அளப்பதில் தவறில்லை, ஆனால் வால்வை மூடிவிட்டுத் தொடங்குங்கள். எரிவாயுக் குழாயின் ஒரு மூட்டைக்கூடத் தளர்த்த வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் மூடியைத் திறக்காமல் நிறுவனத்தைக் கூப்பிடுவதே இலாபம்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஓவனின் உட்தகடுகளின் விளிம்பு கத்திபோல் அறுக்கும்.

சென்சாரை அளப்பது

பல ஓவன்களில் சென்சார் இரண்டு திருகுகளால் உள்ளிருந்தே பிடிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றி, குச்சியை மெல்ல உங்கள் பக்கம் இழுத்தால் பின்னால் இரண்டு ஒயர்களும் ஒரு கனெக்டரும் வெளிவரும். கனெக்டரைப் பிரிப்பதற்கு முன், ஓவன் பக்கம் போகும் ஒயரை ஒரு துணிக் கிளிப்பால் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் பிரித்த நொடியில் அது துளை வழியாக உள்ளே வழுக்கி, வெப்பக் காப்புப் பஞ்சுக்குள் மறைந்துவிடும். அதை மீட்க ஓவனையே வெளியே இழுத்துப் பின்தகட்டைக் கழற்ற வேண்டிவரும். நான் ஒரு மாலை முழுவதையும் அப்படித் தொலைத்திருக்கிறேன். வேறு சில ஓவன்களில் கனெக்டரே பின்தகட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். அப்போது ஓவனை நகர்த்த இன்னொருவர் துணை அவசியம்.

கனெக்டரைப் பிரித்த பிறகுதான் அளக்க வேண்டும். சேர்ந்திருக்கும்போது அளந்தால் போர்டின் தடையும் கலந்து வரும், எண்ணுக்குப் பொருள் இருக்காது.

மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி, 2000 ஓம் எல்லையை வையுங்கள். தானே எல்லையைத் தேர்ந்தெடுக்கும் மீட்டர் என்றால் அப்படியே விடலாம். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அரை ஓமுக்குள் ஏதோ ஓர் எண் வரும். அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை. இனி சென்சாரின் இரு பின்களிலும் முனைகளை வையுங்கள். உலோகப் பகுதியை இரு கைகளாலும் பிடிக்காதீர்கள். வியர்த்த கை வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். அது சில ஓம்களைக் குறைத்துக் காட்டும், நான்கு ஓம் குறைந்தாலே இங்கே ஒரு டிகிரி தப்பும்.

பிடி 1000 வகையில் வர வேண்டிய எண்கள் இவை:

0 டிகிரியில் 1000 ஓம்
20 டிகிரியில் 1078 ஓம்
25 டிகிரியில் 1097 ஓம்
30 டிகிரியில் 1117 ஓம்
100 டிகிரியில் 1385 ஓம்
180 டிகிரியில் 1685 ஓம்
200 டிகிரியில் 1759 ஓம்
250 டிகிரியில் 1941 ஓம்

பிடி 500 என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அறைச் சூட்டுக்கு ஒரு குறுக்குவழி: வந்த எண்ணில் 1000ஐக் கழித்து 3.9ஆல் வகுத்தால் டிகிரி கிடைக்கும். எங்கள் சமையலறையில் அன்று 28 டிகிரி, மீட்டரில் 1109. 109ஐ 3.9ஆல் வகுத்தால் 28. சென்சார் நல்லபடியாகத்தான் இருந்தது. புது சென்சாருக்குக் கொடுத்த பணம் எவ்வளவு வீண் என்பதை அந்த 28 சொல்லிவிட்டது.

ஓவன் முந்தைய இரவிலிருந்து எரியாமல் இருந்திருந்தால்தான் இந்த ஒப்பீடு சரிவரும். கையால் தொட்டால் ஆறியதுபோல் இருக்கும் ஓவனுக்குள் அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கலாம்.

எண் சரியாக வந்தால் மீட்டரை அதன் மிக உயர்ந்த எல்லைக்கு மாற்றி, ஒரு முனையைக் குச்சியின் உலோக உறையிலும் மறு முனையை ஒவ்வொரு பின்னிலும் வையுங்கள். மீட்டர் எந்த எண்ணையும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே காப்பு கெட்டு உறைக்குக் கசிகிறது. சென்சாரை மாற்றத்தான் வேண்டும். தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன்களில், அந்த முறை 500 டிகிரியை நெருங்கும் சூட்டில் நடக்கிறது. சென்சார்கள் அதற்கு மறுநாள் கெடுவது எனக்கு வியப்பாக இல்லை.

பனிக்கட்டி நீர்ச் சோதனை

அறைச் சூட்டில் சரியாக இருக்கும் சென்சார் மேல் சூட்டில் தப்பலாம் என்ற ஐயம் நியாயமானது. அதனால் தெரிந்த இரண்டு சூடுகளில் அதைச் சோதிப்போம். ஒரு குவளை நிறையப் பொடித்த பனிக்கட்டியும் அதன் இடுக்குகளை நிரப்பும் அளவு மட்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் நாலைந்து கட்டிகள் மிதக்கும் குவளை உதவாது. அதில் அடியில் சில டிகிரி கூடுதலாக இருக்கும். குச்சியின் முனையை நடுவில் செருகி, ஐந்து நிமிடம் அவ்வப்போது கலக்கிவிட்டு அளந்தால் 1000 ஓம் அருகில் வர வேண்டும். பிறகு கொதிக்கும் நீரில்: 1385. உயரமான இடத்தில் வசித்தால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும், தடையும் அதற்கேற்ப 4 ஓம் குறையும். ஒயர் நுழையும் பின்முனை எந்தக் காரணத்தாலும் நனையக் கூடாது.

இரண்டு எண்களும் பொருந்திவிட்டால் சென்சார் குற்றமற்றது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கிட்டத்தட்ட என்பதற்குக் காரணம் உண்டு. சூடாகும்போது மட்டும் விரிந்து விட்டுவிட்டுத் தொடும் உள்விரிசல் குளிர்ந்த சென்சாரில் தெரியாது. எல்லாம் சரியாக அளந்தும் ஓவன் அவ்வப்போது மட்டும் தப்பினால் இதைச் செய்யுங்கள்: கனெக்டர் பின்தகட்டுக்கு வெளியே எட்டும்படி இருந்தால், எல்லாவற்றையும் மாட்டி 200 டிகிரிக்குச் சூடாக்கி, ஓவனை அணைத்து மின்சாரத்தைத் துண்டித்து, கையுறையோடு கனெக்டரைப் பிரித்து மீட்டரை மாட்டுங்கள். ஆற ஆற எண் படியில் இறங்குவதுபோல் இல்லாமல் சரிவில் உருள்வதுபோல் வழுவழுவென்று குறைய வேண்டும். நடுவே குதித்தால், ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பினால், விரிசல் இருக்கிறது.

ஒயரும் கனெக்டரும்

பெரும்பாலானவர்கள் பார்க்காமல் தாண்டிப் போகும் இடம் இது. சென்சாரைக் கனெக்டரில் மறுபடி செருகுங்கள். இப்போது போர்டு இருக்கும் பக்கத்தைத் திறந்து, சென்சார் ஒயர் போர்டில் செருகும் பிளக்கைக் கழற்றி, அந்த முனையில் அளங்கள். சென்சாரில் நேரடியாக வந்த எண்ணும் இங்கே வரும் எண்ணும் ஓரிரு ஓமுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு அங்கே 1109க்குப் பதிலாக 1219 வந்தது. வழியில் 110 ஓம் கூடுதல். 180 டிகிரி அருகில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3.7 ஓம் என்பதால் 110 ஓம் என்பது 30 டிகிரி. நான் 180 கேட்டபோதெல்லாம் ஓவன் 150இல் திருப்தி அடைந்து நின்றதற்குக் கணக்கு அச்சாகப் பொருந்தியது.

வேறுபாடு தெரிந்ததும் மீட்டரை மாட்டியபடியே ஒயரை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது எண் துள்ளுகிறதோ அங்கேதான் நோய். கனெக்டரைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பின் மங்கிய வெள்ளியாக மின்னும். கெட்டது தேநீர்க் கறைபோல் பழுப்பாகவோ, நீலம் பாய்ந்தோ இருக்கும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகி விளிம்பில் சுருங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் உதிரும்.

பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் அன்றைக்கு ஓவன் சரியாகிவிடும். சில வாரங்களில் அதே இடத்துக்குத் திரும்புவீர்கள், ஏனென்றால் மேற்பூச்சு போன உலோகம் முன்னைவிட வேகமாகக் கறுக்கும். கனெக்டரை வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நிலைக்கும். சூட்டைத் தாங்கும் அழுத்து முனைகளைக் குறடால் இறுக்குங்கள், அல்லது பீங்கான் மூட்டுகளைப் பயன்படுத்துங்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். வழக்கமான ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சாதாரண மின்கம்பியின் பிவிசி உறை 70 டிகிரிக்குத்தான் வடிவமைக்கப்பட்டது, அதையும் கறுப்பு ஒட்டு நாடாவையும் ஓவனுக்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியிழை உறையோ சிலிக்கான் உறையோ போட்ட ஒயர்தான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

கருகுகிற ஓவன் என்றால் தேட வேண்டியது வேறு. இருபுறமும் கழற்றிய ஒயர்களில், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓவனின் உலோக உடலுக்கும் இடையே, மீட்டரின் உயர்ந்த எல்லையில் அளந்து பாருங்கள். எதிலும் எண் வரக் கூடாது. தகட்டின் கூர்விளிம்பில் உரசி உறை கிழிந்த இடத்தைக் கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்.

போர்டும் ரிலேயும்

சென்சார் சரி, ஒயர் சரி, ஓவன் மட்டும் தப்புகிறது என்றால் மிச்சமிருப்பது போர்டு. அதையும் சந்தேகத்தின் பேரில் தண்டிக்க வேண்டாம், சோதிக்க வழி இருக்கிறது. எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் இடத்தில் 1.8 கிலோ ஓம், ஒரு சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர், அதாவது மாறாத தடையுள்ள சிறு பாகம், கிடைக்கும். சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் கனெக்டரில் இதை மாட்டுங்கள். பிடி 1000 கணக்கில் 1800 ஓம் என்பது ஏறத்தாழ 211 டிகிரி. இனி போர்டைப் பொறுத்தவரை ஓவன் எப்போதும் 211 டிகிரியில் இருக்கிறது.

திறந்த எல்லாத் தகடுகளையும் மூடிய பிறகே மின்சாரம் கொடுங்கள். 180 டிகிரி வைத்தால் ஹீட்டர் எரியக் கூடாது. ஹீட்டரை எரித்து அணைக்கும், போர்டில் உள்ள ஸ்விட்சான ரிலே "டக்" என்று ஒலிக்காது, ஐந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அடுத்து 240 வையுங்கள்; இப்போது "டக்" என்று கேட்டு ஹீட்டர் எரிய வேண்டும். எரிவது தெரிந்ததும் உடனே அணைத்துவிடுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் போக விடாதீர்கள். அசையாத 211ஐயே பார்த்துக்கொண்டிருக்கும் போர்டு ஹீட்டரைத் தானாக அணைக்காது. சூடு ஏறவே இல்லையே என்று சில போர்டுகள் பிழைக் குறி காட்டும். அது போர்டின் புத்திசாலித்தனம், கோளாறாகக் கொள்ள வேண்டாம்.

180இலேயே ஹீட்டர் எரிந்தால் இரண்டில் ஒன்று. ரிலே ஒலித்துவிட்டு எரிந்தால் போர்டு தடையைத் தவறாகப் படிக்கிறது. ஒலியே இல்லாமல் மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து சூடேறினால் ரிலேயின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. இரண்டாவது மிக ஆபத்தானது. அந்த ஓவனை நிறுத்தி வைத்தாலும் அது நிற்காது. பழுது நீங்கும்வரை பிளக்கைச் செருகவே வேண்டாம். ரிலேயை மட்டும் மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஆகும், மற்றவர்கள் போர்டையே மாற்றுவது நல்லது.

போர்டைப் பழிப்பதற்கு முன் ஹீட்டரையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். மேல் ஹீட்டர் நன்றாக இருந்து கீழ் ஹீட்டர் செத்திருந்தால், மேல்புறம் கருகி நடுப்பகுதி வேகாமல் நிற்கும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் தடை கிடைக்கும். 230 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டருக்கு 53 ஓம், 2000 வாட்டுக்கு 26 ஓம். எண்ணே வரவில்லை என்றால் அறுந்துவிட்டது.

பிழைக் குறிகளும் பழைய வகை ஓவன்களும்

திரையில் எழுத்தும் எண்ணுமாக ஏதாவது குறி வந்தால் உங்கள் மாடலின் கையேட்டில் மட்டும் அதற்குப் பொருள் தேடுங்கள். ஒரே குறி ஒரு நிறுவனத்தில் சென்சாரையும் இன்னொன்றில் கதவுப் பூட்டையும் குறிக்கலாம். "சென்சார் பிழை" என்று கையேடு சொன்னாலும், போர்டுக்குத் தெரிந்தது அங்கே வந்த தடை நம்பும்படியாக இல்லை என்பது மட்டுமே. சென்சாரா ஒயரா என்று அதற்குத் தெரியாது.

திரையே இல்லாமல் குமிழைத் திருகும் பழைய ஓவனில் மேலே சொன்ன எந்த அளவும் செல்லாது. அதன் பின்சுவரில் இருக்கும் குச்சி திரவம் நிரம்பிய குமிழி. அதிலிருந்து நூல்போன்ற உலோகக் குழாய் குமிழுக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்சுக்குப் போகும். சூட்டில் திரவம் விரிந்து ஸ்விட்சைத் தள்ளி அணைக்கிறது. குழாய் மடங்கியோ திரவம் கசிந்தோ போனால் ஸ்விட்ச் அணையாமல் நின்றுவிடலாம். குழாயை நிமிர்த்தி ஒட்டுப்போட முயல வேண்டாம். தெர்மோஸ்டாட் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றிய பிறகு

சென்சாரே குற்றவாளி என்று உறுதியானால் ஓவனின் மாடல் எண்ணைக் கொண்டு பாகத்தைத் தேடுங்கள். தோற்றத்தை நம்பி வாங்கினால் ஒரே வடிவத்தில் பிடி 500 கையில் வந்து சேரும். பிடி 1000க்கான போர்டில் அதை மாட்டினால் ஓவன் உறைபனிக்கும் கீழே கிடப்பதாகப் போர்டு முடிவு செய்யும். பெட்டியிலிருந்து எடுத்ததும், மாட்டுவதற்கு முன்பே, ஒரு முறை அளந்துவிடுங்கள்; புதிதும் பழுதாக வருவதுண்டு. மாட்டும்போது ஒயரைத் தகட்டின் விளிம்பில் நசுக்காமல் பஞ்சின் ஊடே பழைய வழியிலேயே விடுங்கள். முனை சுவரைத் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

பிறகு முதலில் செய்த தெர்மாமீட்டர் சோதனையை அப்படியே திரும்பச் செய்யுங்கள். முன்பு யாராவது அமைப்புப் பட்டியலில் திருத்தம் போட்டிருந்தால் அதை முதலில் பூஜ்யமாக்குங்கள். எங்கள் ஓவனில், கோளாறைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் நானே இடையில் 15 டிகிரி கூட்டி வைத்துவிட்டு மறந்திருந்தேன். கனெக்டரை மாற்றிய அன்று ஓவன் 195இல் கொதித்தது. இன்னொரு கோளாறோ என்று நெஞ்சு படபடத்துவிட்டது.

இப்போது ஓவன் கையேட்டின் பின்னட்டையில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: அறை 28 டிகிரி, சென்சாரில் 1109, போர்டு முனையில் 1110.